அலமாரியில் கிடக்கும் கேமராவும் காணாமல் போன பாதரச செல்லும்



கொஞ்ச நாட்களாக உங்களில் சிலர் ஒரே மாதிரியான கேள்வியை அனுப்பி வருகிறீர்கள். ஒருவர் அம்பத்தூரிலிருந்து, ஒருவர் ஆவடியிலிருந்து, ஒருவர் பூந்தமல்லியில் வளர்ந்து இப்போது துபாயில் இருப்பவர். "சார், அப்பாவோட பழைய பிலிம் கேமரா அலமாரியில் கிடைச்சது. ஷட்டர் நல்லா அடிக்குது. ஆனா லைட் மீட்டருக்குப் புது பேட்டரி போட்டா ஒரு வாரம்கூட வரமாட்டேங்குது. எடைக்குப் போட்டுடலாமா?"

தயவுசெய்து போடாதீர்கள். பத்தில் பல கேமராக்களில் கேமரா கெட்டிருக்காது. கெட்டது என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பழுது எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பதிவு நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு படியுங்கள்.

முதலில் ஒரு ஆச்சரியம். கேமரா லைட் மீட்டர் பிறந்தபோது அதில் பேட்டரியே கிடையாது.

1873இல் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயத் தந்திப் பொறியாளர், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காகச் செலினியம் துண்டுகளை மின்தடையாகப் பயன்படுத்தினார். அந்தத் தடையின் அளவு ஒரு நிலையில் நிற்கவில்லை. வெளிச்சம் பட்டால் குறைந்தது, இருட்டில் கூடியது. ஒளி பட்டால் மின்தன்மை மாறும் பொருள் ஒன்று உண்டு என்று உலகம் அப்படித்தான் அறிந்துகொண்டது. நம் நாட்டிலும் இந்தத் துறையில் ஒரு முன்னோடி உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயக் கனிமத்தை வைத்துச் செய்த உணர்கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மின்காந்த அலைகளை உணரச் செய்த அந்தக் கருவி ஒளிக்கும் அசைந்து கொடுத்தது.

செலினியத்தைச் சரியான முறையில் உலோகத் தகட்டின் மேல் படிய வைத்தால், வெளிச்சம் பட்டவுடன் அதுவே சிறிது மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டத்தை ஒரு நுண்ணிய கால்வனோமீட்டருக்குக் கொடுத்தால் முள் நகரும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒளி மீட்டர் இப்படித்தான் வேலை செய்தது. பேட்டரி இல்லை, சுவிட்ச் இல்லை.

வெஸ்டன் என்ற பெயரை எங்கோ கேட்டது போல இருக்கிறதா? அந்த நிறுவனத்தை ஆரம்பித்த எட்வர்ட் வெஸ்டன்தான் 1893இல் வெஸ்டன் திட்ட மின்கலத்தைச் செய்தவர். 1.0183 வோல்ட். 1911 முதல் பல பத்தாண்டுகள் உலகமே அந்தக் கலத்தை வைத்துத்தான் மின்னழுத்தத்தை அளந்தது. அதற்குள் இருந்தவை காட்மியமும் பாதரசமும். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள். நம் கதையில் மீண்டும் வரும்.

செலினியம் மீட்டர் உள்ள கேமராவை அடையாளம் காண்பது சுலபம். லென்ஸைச் சுற்றியோ அதற்கு மேலேயோ தேன்கூடு போலப் புள்ளி புள்ளியாகக் கண்ணாடி இருக்கும். ஒலிம்பஸ் ட்ரிப் 35, சோவியத் செனித்-இ இரண்டும் அந்த வகை. உங்கள் கையில் இருப்பது அதில் ஒன்று என்றால் பேட்டரி பற்றிய கவலையே வேண்டாம். அதில் பேட்டரி அறையே இருக்காது.

செலினியத்துக்கு ஒரு குறை உண்டு. மங்கிய வெளிச்சத்தில் அதற்குக் கண் தெரியாது. கல்யாண மண்டபத்துக்குள், மாலை ஆறு மணிக்குக் கோயில் பிராகாரத்தில், முள் அசையவே அசையாது. அதனால் 1960களில் ஜப்பானியக் கேமராக்கள் காட்மியம் சல்பைடுக்கு மாறின. இது தானாக மின்சாரம் உண்டாக்காது, வெளிச்சத்துக்கேற்ப மின்தடையை மட்டும் மாற்றிக்கொள்ளும். மங்கிய ஒளியிலும் நன்றாக வேலை செய்யும். அளவில் மிகச் சிறியது என்பதால் லென்ஸுக்குப் பின்னால் கேமராவுக்குள்ளேயே வைத்துவிடலாம். ஆனால் மின்தடையை அளக்க மின்சாரம் வேண்டுமே? கேமராவுக்குள் பேட்டரி நுழைந்தது அப்போதுதான்.

எந்தப் பேட்டரி? இங்கேதான் பாதரசம் வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் சண்டையிட்டபோது, சாதாரண துத்தநாகம்-கார்பன் பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின. நம் ஊர் வெயிலில் டார்ச் செல் ஒழுகுவது போலத்தான். சாமுவேல் ரூபன் என்ற கண்டுபிடிப்பாளர் 1942 வாக்கில் பாதரச ஆக்சைடு மின்கலத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மாலரி நிறுவனம் அதைத் தயாரித்தது. அந்த நிறுவனத்தின் வழிவந்ததுதான் நாம் இன்று கடையில் பார்க்கும் டியூராசெல்.

பாதரச செல்லின் பெருமை ஒன்றுதான். புதிதாக இருக்கும்போதும் 1.35 வோல்ட், பாதி தீர்ந்தபோதும் ஏறக்குறைய அதே 1.35 வோல்ட். கடைசியில் ஒரேயடியாக விழுந்துவிடும். சாதாரண ஆல்கலைன் செல் அப்படி இல்லை. 1.5இல் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். கேமரா செய்தவர்கள் நினைத்தார்கள்: மின்னழுத்தம் மாறாது என்றால், அதைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு சுற்று எதற்கு? மீட்டரை 1.35 வோல்ட்டுக்கே அளவிட்டு விட்டார்கள். 1972இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனன் எஃப்டிபி முதலியன அப்படிப் பிறந்தவை. அவற்றுக்கான செல்லின் எண் 625.

எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. 1964இல் விற்பனைக்கு வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக்கின் மீட்டர் ஒரு சமனச்சுற்று. பிளஸ் டூ ஆய்வகத்தில் மீட்டர் சமனச்சுற்றில் ஜாக்கியை நகர்த்தி, கால்வனோமீட்டர் சுழியில் நிற்கும் இடத்தைத் தேடினீர்களே, அதே வீட்ஸ்டன் தத்துவம். சமநிலைப் புள்ளிக்கும் பேட்டரியின் வோல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. லெக்லாஞ்சி கலம் கொஞ்சம் பழசானாலும் உங்கள் விடை மாறவில்லை அல்லவா? "இதெல்லாம் வாழ்க்கையில எங்க சார் வரப்போகுது?" என்று பின் பெஞ்சிலிருந்து கேட்டவர்கள் கவனிக்கவும். அப்பாவின் கேமராவுக்குள் வந்திருக்கிறது. ஸ்பாட்மாட்டிக்கில் 1.35 போட்டாலும் 1.55 போட்டாலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும்.

இந்தக் கேமராக்கள் நம் பக்கத்துக்கு எப்படி வந்தன என்பது உங்களுக்கே தெரிந்த கதை. அம்பத்தூரில் டிஐ சைக்கிள், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், ஆவடியில் 1965 இறுதியில் விஜயந்தா டாங்கியை வெளியே கொண்டுவந்த கனரக வாகனத் தொழிற்சாலை, பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை. மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் பெருகின. வெளிநாட்டுக் கேமரா வேண்டுமென்றால் இரண்டே வழிதான். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினர், இல்லையென்றால் பாரிமுனையில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் 1960களின் கடைசியில் கடை போட்ட இடம் அது. பிலிமுக்கு நம்மிடமே ஆலை இருந்தது. 1960இல் தொடங்கப்பட்ட ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம். ஒரு சுருளில் 36 படம். காது குத்து, சீமந்தம், கிருகப்பிரவேசம் எல்லாம் அந்த 36க்குள் முடிந்தாக வேண்டும். மீட்டர் தவறாகக் காட்டினால் கழுவி வரும்வரை தெரியாது. தெரியும்போது விசேஷம் முடிந்திருக்கும். அதனால்தான் அந்தச் சின்ன முள்ளை நம் அப்பாக்கள் அவ்வளவு நம்பினார்கள்.

இந்த நிலையில் பாதரச செல் கடையை விட்டே போனது. காரணம் நியாயமானது.

ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. அந்த நோய் 1956இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு சோலைக்காட்டுப் பக்கமும் பழைய இரும்புக் கடையிலும் கிடந்தது அம்பலமாகி, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்கான போராட்டம் அதன் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. அமெரிக்கா 1996இல் பாதரச ஆக்சைடு பட்டன் செல்களைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000 முதல் நிறுத்தியது. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்று உறுதிசெய்தது.

ஆக, செல் போய்விட்டது, கேமரா இருக்கிறது. உங்கள் கேள்விக்கு இப்போது வருவோம். "பேட்டரி நிற்கவில்லை" என்று நீங்கள் சொல்வது நான்கு வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம். டாக்டர் போல ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வாருங்கள்.

ஒன்று, மீட்டர் அணைக்கப்படாமல் இருப்பது. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஓஎம்-1இல் மேலேயே ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறது. ஆஃப் செய்ய மறந்தால் ராத்திரி முழுக்க ஓடும். நிக்கான் எஃப்எம்மில் பிலிம் நகர்த்தும் நெம்புகோலை வெளியே இழுத்தால் மீட்டர் ஆன், உள்ளே தள்ளினால் ஆஃப். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000இல் சுவிட்சே கிடையாது. அதற்குச் சுவிட்ச் லென்ஸ் மூடிதான்! மூடினால் காட்மியம் சல்பைடின் தடை மிக அதிகமாகி மின்னோட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடும். மூடி தொலைந்துபோன கே1000ஐ கண்ணாடி ஷோகேஸில் வைத்திருந்தால், பகல் முழுக்க அது பேட்டரியைத் தின்றுகொண்டுதான் இருக்கும். கேனன் ஏஇ-1இல் 'எல்' என்ற நிலைக்குத் திருப்பாமல் பைக்குள் போட்டால் பொத்தான் அழுந்தி செல் தீரும். அதில் செல் இல்லாவிட்டால் ஷட்டரே விழாது. ஸ்பாட்மாட்டிக்கில் ஷட்டரை அழுத்தியதும் மீட்டர் தானாக அணையும்படி செய்திருந்தார்கள். வடிவமைத்தவருக்கு மறதிக்காரர்களைத் தெரிந்திருக்கிறது.

இரண்டு, செல்லின் இயல்பே அப்படி இருப்பது. பாதரச செல்லுக்கு மாற்றாகச் சிலர் காது கேட்கும் கருவிக்கான 675 துத்தநாக-காற்று செல்லைப் போடுகிறார்கள். அது 1.4 வோல்ட், மீட்டருக்கு ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்று உள்ளே போய் வேதிவினை ஆரம்பித்துவிடும். பிறகு கேமராவைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அது தீர்ந்தே தீரும். இதைக் கேமராவின் மேல் குற்றமாகச் சொல்லக் கூடாது.

மூன்று, தொடர்பு இல்லாமை. ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்த செல் ஒழுகி, அறையின் அடித் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். செல் தீரவில்லை, மின்சாரம்தான் போகவில்லை. ஆல்கலைன் செல்லின் ஒழுகல் காரத்தன்மை உள்ளது. பட்ஸில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்தால் நடுநிலையாகும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாளால் தேய்த்து மேல்பூச்சை எடுத்துவிடாதீர்கள். துடைத்தும் சரியாகவில்லை என்றால், அறையிலிருந்து மீட்டருக்குப் போகும் மெல்லிய கம்பி உள்ளே அரித்துப்போயிருக்கலாம். பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அது ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைக்கும் வேலை.

நான்கு, உண்மையான கசிவு. இதை மட்டும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். எஸ்ஆர்44 என்ற வெள்ளி ஆக்சைடு செல்லின் கொள்ளளவு சுமார் 150 மில்லி ஆம்பியர்-மணி. மீட்டர் 0.1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 1,500 மணி நேரம், அதாவது சுமார் 62 நாள் ஓடும். ஒரே வாரத்தில் தீர்கிறது என்றால்? ஒரு வாரம் 168 மணி. 150ஐ 168ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.9 மில்லி ஆம்பியர். ராப்பகலாக அவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அர்த்தம். மூடி போட்டு வைத்த ஒரு முள் மீட்டருக்கு அது மிக மிக அதிகம். அளந்து பாருங்கள். செல்லைப் போட்டு, அறை மூடியைத் திருகாமல், மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்து, ஒரு முனையைச் செல்லின் வெளித்தெரியும் முகத்திலும் இன்னொரு முனையை அறையின் உலோக மரையிலும் தொடுங்கள். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் அளவு, அடுத்து லென்ஸை மூடி அளவு. மூடியதும் எண் நன்றாகக் குறைந்தால் காட்மியம் சல்பைடு ஒழுங்காக இருக்கிறது. சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் குறையாமல் நின்றால்தான் உள்ளே கசிவு. அப்போது மட்டும் மெக்கானிக்கிடம் போங்கள். கையில் அளவோடு போனால் "உள்ள போர்டே போச்சு" என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

யஷிகா எலக்ட்ரோ 35 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி. அதற்கு 5.6 வோல்ட் பாதரச செல். இப்போது 6 வோல்ட் 4எல்ஆர்44 செல்லை ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாக ஓடும். செல்லே இல்லாவிட்டாலும் ஷட்டர் அடிக்கும். ஆனால் எப்போதும் ஏறக்குறைய 1/500 நொடியில்தான். "ஷட்டர் விழுகிறதே, படம் ஏன் இருட்டு?" என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

1.35 வோல்ட் கேமராவில் 1.5 போட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் முள் உயரக் காட்டும். வெளிச்சம் அதிகம் என்று நம்பி நீங்கள் துளையைச் சுருக்குவீர்கள். படம் இருட்டும். கடையில் '625' என்றே எழுதி விற்பது பெரும்பாலும் 1.5 வோல்ட் ஆல்கலைன். எண் ஒன்று, வோல்ட் வேறு. வெள்ளி ஆக்சைடு செல்லோடு, சுமார் 0.2 வோல்ட்டைக் குறைக்கும் ஷாட்கி டயோடு ஒன்றைச் சேர்த்தால் 1.35க்குப் பக்கத்தில் வந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் படித்த நம் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள். எதுவும் வேண்டாம் என்றாலும் வழி உண்டு. பளிச்சென்ற வெயிலில் துளை 16, பிலிமின் வேகம் 125 என்றால் ஷட்டர் 1/125. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி மீட்டரே தேவையில்லை, சூரியன் அவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வருகிறார்.

கடைசியாக, இந்தப் பதிவை நான் எழுதியதற்கு முக்கியமான காரணம். அந்தக் கேமராக்களுக்குள் இன்னும் பழைய பாதரச செல்கள் இருக்கின்றன. வீட்டில் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பட்டன் செல் எந்த வகையானாலும் சரி, குழந்தை விழுங்கினால் அவசரம். உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்துவிடக்கூடும். விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், "தானா வெளிய வந்துடும்" என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பழைய கேமராவைக் குழந்தைக்கு விளையாடக் கொடுப்பதாக இருந்தால், முதலில் செல்லைக் கழற்றுங்கள்.

கழற்றிய செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாது என்று நம்மிடம்தான் சொல்கின்றன. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளைச் சுற்றி வாழ்கிறவர்கள் நாம். மினமாட்டாவிலும் விஷம் தண்ணீரில் இறங்கி மீனாகத்தான் வீட்டுக்கு வந்தது.

உங்களிடம் இருக்கும் கேமராவின் பெயரை மட்டும் கீழே எழுதுங்கள். அதில் செலினியமா, காட்மியம் சல்பைடா, எந்த செல், எது சுவிட்ச் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். மல்டிமீட்டரில் அளந்தவர்கள் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அலகு போட மறக்க வேண்டாம், மார்க் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்